ஒரே காசு, வேறு முகம்: அச்சு வேறுபாடும் மெருகும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு சேர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன: இந்தக் கோடு, இந்தப் பளபளப்பு, இந்தக் காணாமல் போன எழுத்து எல்லாம் நாணயச் சாலையில் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு நேர்ந்ததா? கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சு வழக்கிலேயே விட்டிருக்கிறோம்.

ஒரே வருஷம், ஒரே நாணயச் சாலை. ரெண்டு ஒரு ரூபாயும் ஒரே மாதிரி இல்லையே, ஏன்?

இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை அல்ல என்பதால். அச்சு என்றால் காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டை. ஓர் அச்சு சில லட்சம் காசுகளுக்கு மேல் தாங்காது. கோடிக்கணக்கில் காசு அடிக்கும் ஆண்டில் நூற்றுக்கணக்கான அச்சுகள் தேவைப்படும். எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பிறந்தாலும் ஒன்றுக்கு அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், இன்னொன்றை நடுவில் கழற்றி மெருகேற்றியிருப்பார்கள், மூன்றாவது விரிசல் விட்ட பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

மூலம் முதல் காசு வரை வரிசை இது. பெரிதாகச் செய்த மாதிரியை எந்திரத்தில் சுருக்கி, எஃகில் புடைப்பாகச் செதுக்குவார்கள். இதற்கு மூல ஹப் என்று பெயர். அதை இன்னொரு எஃகுக் கட்டையில் அழுத்தினால் பள்ளமாக மூல அச்சு கிடைக்கும். அதிலிருந்து மறுபடி புடைப்பாக வேலை ஹப், அதிலிருந்து பள்ளமாக வேலை அச்சு. இந்தக் கடைசி அச்சுதான் பில்லையின் மேல் விழுகிறது. பில்லை என்றால் இன்னும் அடிக்காத வெறும் வட்டத் தகடு. மூல ஹப்பில் உள்ள வேறுபாடு எல்லாக் காசிலும் வரும். வேலை அச்சில் உள்ளது அந்த அச்சின் காசுகளில் மட்டும் வரும்.

அச்சுல பள்ளம்னா காசுல மேடுன்னு சொல்றீங்க. இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்றீங்க?

இந்தப் பக்கத்தில் உள்ள முக்கால்வாசி பதில்களுக்கு இதுதான் சாவி. அச்சில் கீறல் விழுந்தால் உலோகம் அந்தக் கீறலுக்குள் ஏறி, காசில் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். அச்சில் விரிசல் விட்டாலும், துருப் பிடித்துக் குழி விழுந்தாலும், சில்லு பெயர்ந்தாலும் காசில் மேடுதான். காசின் மேல் பிறகு விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். ஆணி கீறினாலும் சரி, துணியால் தேய்த்தாலும் சரி.

ஆகவே எந்தக் குறியைப் பார்த்தாலும் முதலில் அது மேடா பள்ளமா என்று பாருங்கள். விதிவிலக்கு உண்டு. அச்சுக்கும் பில்லைக்கும் நடுவே நூலோ உலோகச் சீவலோ மாட்டிக்கொண்டால் நாணயச் சாலையிலேயே பள்ளம் விழும். ஆனால் அது நூலின் வடிவத்திலோ சீவலின் வடிவத்திலோ இருக்கும். கீறல் போல வெட்டி இழுத்த மாதிரி இருக்காது.

மேடா பள்ளமான்னு வெறும் கண்ணுல எப்படித் தெரியும்?

தெரியாது, பல நேரம் கண் ஏமாற்றும். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். மேசை மேல் மெல்லிய துணி விரித்து, காசைப் பக்கவாட்டு விளிம்பில் பிடித்து, ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கின் கீழ் பாருங்கள். டியூப் லைட் உதவாது. வெளிச்சம் நாலாபுறமும் பரவி மெல்லிய கோடுகளை மறைத்துவிடும்.

விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். மேட்டுக் கோட்டின் இடப்பக்கச் சரிவு ஒளியை வாங்கும், வலப்பக்கம் நிழல் விழும். பள்ளத்துக்கு நேர்மாறு. சந்தேகம் இருந்தால் அதே காசிலுள்ள ஓர் எழுத்தோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் எழுத்து மேடு என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கோட்டின் நிழல் எழுத்தின் நிழல் விழும் பக்கமே விழுந்தால் அதுவும் மேடு.

என்கிட்ட ஒரு காசு கண்ணாடி மாதிரி முகம் தெரியுது. ப்ரூஃப் காசா?

பெரும்பாலும் இல்லை. ப்ரூஃப் என்பது சேகரிப்பாளர்களுக்கென்று தனிக் கவனத்தோடு அடிக்கும் காசு. புதிதாக மெருகேற்றிய அச்சில் முதலில் விழும் காசுகள் கண்ணாடி போலத்தான் இருக்கும். அச்சின் தளம் எவ்வளவு வழவழப்போ அதே வழவழப்பு காசிலும் பதியும். அமெரிக்க மார்கன் வெள்ளி டாலரில் இப்படிப்பட்டவற்றை ‘ப்ரூஃப்லைக்’ என்றே தனியாகப் பிரித்து விற்கிறார்கள். நம் துருவேறா எஃகுக் காசுகளிலும் இது உண்டு. அந்த உலோகம் கறுக்காது என்பதால் பழைய காசிலும் பளபளப்பு மிச்சமிருக்கும், அதனால் ஏமாற்றமும் அதிகம்.

ப்ரூஃபுக்குப் பில்லையையும் மெருகேற்றுவார்கள், அச்சின் தளத்தையும் மெருகேற்றுவார்கள். உருவத்தை மட்டும் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கி மங்கலாக விடுவார்கள். வழக்கமான வேகத்தில் அடிக்காமல், மெதுவாக, கூடுதல் அழுத்தத்தில் இரண்டு தடவையாவது அடிப்பார்கள். அதனால் எழுத்தின் ஓரம் கத்தி போல் செங்குத்தாக இறங்கும், விளிம்பு சதுரமாக நிற்கும். உங்கள் காசில் தளம் மின்னி, எழுத்தின் ஓரம் சற்றே உருண்டிருந்தால் அது நல்ல தொடக்க அடி. ப்ரூஃப் அல்ல.

அப்ப புதுக் காசு எல்லாமே ஏன் கண்ணாடி மாதிரி இல்லை? சிலது பட்டு மாதிரி மின்னுதே?

ஒவ்வோர் அடியிலும் பில்லையின் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அப்படி ஓடி ஓடி அச்சின் தளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆரக்கோடுகளை அரித்துவிடும். அந்தக் கோடுகள் காசில் பதிந்து, விளக்கின் கீழ் சாய்க்கும்போது ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலச் சுழலும். இதைத்தான் சேகரிப்பாளர்கள் ‘லஸ்டர்’ என்கிறார்கள். அது பூச்சு கிடையாது, காசின் தோலிலேயே உள்ள வரிகள். பின்னால் வரும் புளிக் கேள்விக்கு இது முக்கியம்.

அச்சு இன்னும் கிழடானால் வரிகள் ஆழமாகி, தளம் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். விளிம்பை ஒட்டிய எழுத்துகள் விளிம்புப் பக்கமாக இழுபட்டு ஊதித் தெரியும். ஆக, ஒரே அச்சே வயதுக்கு வயது கண்ணாடி, பட்டு, சொரசொரப்பு என மூன்று முகம் காட்டும்.

நாணயச் சாலையில ஓடிக்கிட்டிருக்கிற அச்சை எதுக்கு பாலிஷ் போடுறாங்க?

முக்கியக் காரணம் மோதல். பில்லை வராத நேரத்தில் அச்சுகள் ஒன்றையொன்று அடித்துவிட்டால், ஒன்றின் உருவ வெளிக்கோடு மற்றதில் பதிந்துவிடும். அடுத்து விழும் காசுகளில், எண் இருக்கும் பக்கத்தின் வெற்றுத் தளத்தில் மறுபக்கத்துச் சிங்கத் தூணின் வெளிக்கோடு பேய் மாதிரி மங்கலாக நிற்கும். எழுத்து பதிந்திருந்தால் இடவலம் மாறித் தெரியும். அதை நீக்க அச்சைக் கழற்றி, தேய்ப்புத் தூளோ உப்புத்தாளோ வைத்துத் தளத்தைத் தேய்ப்பார்கள். துரு, சிறு கீறல், கிழட்டுச் சொரசொரப்பு ஆகியவற்றைப் போக்கவும் இதே வேலைதான்.

தேய்ப்புத் தூள் அச்சில் மெல்லிய கீறல்களை விடும். அவை காசில் இணைகோடுகளாக மேடாக நிற்கும். இவற்றுக்கு அச்சு மெருகுக் கோடு என்று பெயர். குறையல்ல, காசின் தரத்தைக் குறைப்பதும் இல்லை.

பாலிஷ் போட்டா காசுல எழுத்தே காணாமப் போகுமா?

போகும். ஆனால் எது போகும் என்பதில்தான் சூட்சுமம். அச்சில் மிக உயரமான பகுதி எது? காசில் வெற்றுத் தளமாகத் தெரிவதுதான் அச்சில் மேல் மட்டம். தேய்க்கும்போது அந்த மேல் மட்டம் இறங்குகிறது. ஆழமாக வெட்டியிருக்கும் முகமும் பெரிய எழுத்தும் கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் நிற்கும். மேலோட்டமாக வெட்டியிருக்கும் மெல்லிய கோடு, சிறு எழுத்து, உடையின் மடிப்பு போன்றவை முழுசாகப் போய்விடும். எழுத்துகள் மெலிந்துபோகும்.

இதற்குப் பேர்போன காசு 1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச் சாலையில் அடித்த எருமை நிக்கல், அதாவது காட்டெருமை உருவம் உள்ள ஐந்து சென்ட் காசு. மோதல் தடத்தை அழிக்கப் போய் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில் காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்துவிட்டது. கால் போனாலும் குளம்பு மட்டும் தரையில் தனியாக நிற்கிறது, ஏனென்றால் அந்த இடத்தில் அச்சு ஆழம் அதிகம். ‘மூன்று கால் எருமை’ என்று இன்றுவரை நல்ல விலை போகிறது.

என் காசுல ஒரு எழுத்து பாதிதான் இருக்கு. பாலிஷா, தேய்மானமா, வேற எதுவுமா?

நான்கு காரணம் உண்டு. நான்கும் வெவ்வேறு இடத்தைத் தின்னும்.

மெருகு, மேலே சொன்னபடி, தாழ்வான நுணுக்கங்களைத் தின்னும். சுற்றியுள்ள தளம் வழக்கத்தைவிட வழவழப்பாக இருக்கும், அருகில் மெருகுக் கோடுகளும் தெரியலாம். அடி போதாமல் போனால் நேரெதிர்: காசின் மிக உயர்ந்த புள்ளிகள்தான் நிரம்பாமல் நிற்கும், ஏனென்றால் அவை அச்சின் அடி ஆழத்தில் இருக்கின்றன, உலோகம் அதுவரை எட்டவில்லை. நியூ ஆர்லியன்ஸில் அடித்த பல மார்கன் டாலர்களில் காதுக்கு மேலுள்ள கூந்தல் தட்டையாக இருப்பது இதனால்தான். அந்தத் தட்டைப் பகுதியில் பில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே மிச்சமிருக்கும்.

தேய்மானமும் உயர்ந்த புள்ளியைத்தான் தின்னும். ஆனால் அங்கே லஸ்டர் செத்து, நிறம் மாறி, கை பட்ட வழுக்கல் இருக்கும். நான்காவது அடைப்பு. எண்ணெயும் உலோகத் தூளும் கலந்த பிசுக்கு அச்சின் எழுத்துப் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். அப்போது ஓர் எழுத்து மட்டும் மங்கி, பக்கத்து எழுத்து பளிச்சென்று இருக்கும். மங்கின எழுத்தின் ஓரம் குழைந்திருக்கும். நம் காசுகளில் ‘எழுத்து காணோம்’ என்று வருபவற்றில் பெரும்பகுதி இந்த அடைப்புதான். பிசுக்கு அடுத்த சில அடிகளில் உதிர்ந்துவிடலாம் என்பதால் இதை நிலையான அச்சு வகை என்று கணக்கில் எடுப்பதில்லை.

வருஷத்துக்குக் கீழ குறியே இல்லை. அபூர்வம்னு சொல்லி விக்கிறாங்களே?

எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் குறியைக் கொல்கத்தா நாணயச் சாலை போடுவதில்லை. அவ்வளவுதான் விஷயம். இன்றைய காசுகளில் மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி. எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. அதை ‘குறி விடுபட்ட பிழை’ என்று விற்பவரிடம் பேச்சு வளர்க்க வேண்டியதில்லை.

ஆனால் குறி இருந்திருக்க வேண்டிய காசில் அது மறைந்திருப்பது வேறு கதை. 1922-இல் அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு டென்வரில் மட்டும்தான் அடிக்கப்பட்டது. எனவே எல்லாவற்றிலும் ‘டி’ இருக்க வேண்டும். தேய்ந்தும் மெருகேற்றப்பட்டும் போன அச்சுகளால் சிலவற்றில் அது இல்லை. நம் நாட்டிலும் ஜார்ஜ் மன்னர் காலத்து ரூபாயில் பம்பாய்க்கு அடையாளம், பின்பக்கத்தில் கீழே தாமரையை ஒட்டி ஒரு சிறு புள்ளி. கல்கத்தாவுக்கு எதுவும் கிடையாது. அந்தப் புள்ளி அடைந்துபோனாலோ தேய்ந்துபோனாலோ பம்பாய் ரூபாய் கல்கத்தா வேஷம் போடும். அந்த இடத்தைச் சாய்ந்த ஒளியில் பார்க்காமல் கல்கத்தா என்று எழுதி உறையில் போடாதீர்கள்.

எழுத்து ரெட்டையாத் தெரியுது. பெரிய விலை போகுமா?

இரட்டை அச்சா, அடி நடுங்கியதா என்று முதலில் பிரியுங்கள். பழைய முறையில் ஹப்பை ஒரே அழுத்தில் அச்சுக்குள் முழுசாக இறக்க முடியாது. ஒரு முறை அழுத்தி, இறுகிப்போன எஃகைச் சுட்டு மென்மையாக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை மயிரிழை திரும்பியிருந்தாலும் அச்சில் இரண்டு உருவம் பதியும், அந்த அச்சின் எல்லாக் காசிலும் அதே இரட்டை வரும். 1955-ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா சென்ட்டில் இது பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. சுமார் 20,000-க்கு மேல் வெளியே வந்துவிட்டன.

உண்மையான இரட்டை அச்சில் இரண்டு எழுத்துமே உருண்டு, ஒரே உயரத்தில் நிற்கும். எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும். எழுத்தின் மொத்த அகலம் கூடியிருக்கும். அடித்த கணத்தில் அச்சு ஆடினால் வருவது வேறு. அப்போது எழுத்தின் ஒரு பக்கம் சீவப்பட்டு, படிக்கட்டு மாதிரி தட்டையாக, பளபளவென்று கீழே ஒரு தட்டு நிற்கும். எழுத்து அகலம் கூடாது, சொந்த உடம்பையே இழந்திருக்கும். இதற்குத் தனி மதிப்பு இல்லை. நாளும் சில்லறையில் வருவது இரண்டாவது வகை. மூன்றாவதாக, கிழட்டு அச்சில் எழுத்து ஊதி இரட்டை மாதிரி தெரிவதை மேலே சொல்லியாயிற்று.

ஓரத்துல ஒரு கட்டி, அதுலேர்ந்து கோணல் மாணலா ஒரு கோடு. யாராவது ஒட்ட வெச்சிருப்பாங்களா?

அச்சு விரிசல். எஃகு களைத்துப் பிளந்து, பிளவுக்குள் உலோகம் ஏறிய மேடு. விளிம்பை ஒட்டி அச்சின் ஒரு துண்டே உடைந்து விழுந்தால் அந்த இடம் முழுக்கக் கட்டியாக நிரம்பி, எழுத்தை விழுங்கிவிடும். கட்டிக்கு நேர் எதிரே மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கே உருவம் மங்கியிருந்தால் கட்டி உண்மை. உலோகம் இந்தப் பக்கம் ஏறியதால் அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்திருக்கும். பற்றவைத்து ஒட்டிய கட்டிக்கு மறுபக்கம் சாதாரணமாக இருக்கும்.

பன்றி ரூபாய்னு சொல்றாங்களே, அதுவும் அச்சுப் பிழையா?

பிழை இல்லை, வடிவத்தையே மாற்றியது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தபோது, மன்னர் அணிந்த விருதுச் சங்கிலியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் வெளியீட்டை நிறுத்தி, இருந்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் தும்பிக்கை தெளிவாக உள்ள யானை. 1911 என்று போட்ட எல்லா ரூபாயும் பன்றி ரூபாய்தான். ‘இது அந்த வகையா’ என்று யானையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆண்டைப் பார்த்தால் போதும். தேய்ந்த காசில் யானையும் பன்றியும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

வடிவ மாற்றமும் அச்சு வேறுபாடும் ஒரே காசில் சேர்ந்து நிற்பதும் உண்டு. 1878-இல் மார்கன் டாலர் கழுகுக்கு முதலில் எட்டு வால் இறகு. பிறகு ஏழு என்று மாற்றினார்கள். எட்டு இறகு அச்சுகள் சிலவற்றின் மேலேயே ஏழு இறகு ஹப்பை அழுத்திவிட்டதால், ஏழு இறகின் அடியில் பழைய இறகு நுனிகள் எட்டிப் பார்க்கும் காசுகள் உண்டு.

1862 ரூபாயில ஏன் இத்தனை வகை? ஒரு வருஷத்துல இவ்வளவு அச்சா?

1862 என்பது அந்த ஆண்டில் மட்டும் அடித்ததைக் குறிக்காது. 1874-இல் ஆண்டு மாற்றும் வரை அதே ஆண்டையே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பு 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாயும் இப்படித்தான் பல ஆண்டுகள் ஓடியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு அச்சுகள் ஒரே ஆண்டைத் தாங்கும்போது அரசியின் மார்பளவுச் சிற்பமும் பின்பக்கப் பூவேலையும் மாறத்தான் செய்யும். பட்டியல்களில் சிற்பத்துக்கு ஏ, பி, சி என்றும் பின்பக்கத்துக்கு ரோமன் எண்ணும் போட்டிருப்பது இதற்காக. பம்பாயில் ஆண்டெழுத்தை ஒட்டிச் சிறு புள்ளிகளைச் சேர்த்து உண்மையான ஆண்டைப் பிரித்தார்கள். அந்தப் புள்ளிகள் அடைப்பில் மறையும் என்பதால் எண்ணும்போது நிதானம் வேண்டும்.

கழுத்து வெட்டுல இருக்கிற சின்ன எழுத்து சிலதுல மேடு, சிலதுல பள்ளம். என்ன வித்தியாசம்?

1835 நான்காம் வில்லியம் ரூபாயில் கல்கத்தா நாணயச் சாலை அதிகாரி ராபர்ட் சாண்டர்ஸின் முதலெழுத்துகளும், அதே சாலையின் இன்னோர் அதிகாரியான ஃபோர்ப்ஸைக் குறிக்கும் ‘எஃப்’ எழுத்தும் வரும். ‘எஃப்’ சிலவற்றில் மேடு, சிலவற்றில் பள்ளம். 1840 ரூபாயில் செதுக்குநர் வில்லியம் வையனின் இரட்டை ‘டபிள்யூ’வும் அப்படியே.

அச்சிலேயே எழுத்தாணியால் குத்திவிட்டால் அச்சில் பள்ளம், காசில் மேடு. ஆகவே மேட்டெழுத்தை முடிந்த அச்சில்கூடப் பிறகு சேர்க்கலாம். காசில் பள்ளமாக வர வேண்டுமானால் அச்சில் எழுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு முந்தைய படியான ஹப்பிலேயே அதைக் குத்தியிருக்க வேண்டும். ஏமாற்றுக்காரருக்கோ இது தலைகீழ். காசின் மேல் பள்ள எழுத்தை யார் வேண்டுமானாலும் குத்தலாம், மேட்டெழுத்தைச் சேர்ப்பது கஷ்டம். பள்ள எழுத்துக்கு விலை கூடச் சொன்னால், எழுத்தைச் சுற்றி உலோகம் பிதுங்கியிருக்கிறதா, உள்ளே நிறம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ராஜராஜன் காசு ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி இருக்கே. எது ஒரிஜினல்?

ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரியில் பெயரும் உள்ள அந்தக் காசுகளுக்கு ஹப் கிடையாது. ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டியது, அடியும் சுத்தியல் அடி. மூக்கு, கை, எழுத்தின் சாய்வு என எதுவும் அச்சுக்கு அச்சு மாறும். உருவம் நடுவில் விழாமல் ஒரு பக்கம் வெட்டுப்பட்டும் இருக்கும். வேறுபாடு இருப்பது சந்தேகத்துக்குக் காரணமல்ல. ஒரே விற்பனையாளரிடம் பத்துக் காசு இருந்து, பத்திலும் அதே இடத்தில் அதே வெட்டு, அதே பள்ளம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அது அச்சு ஒற்றுமை அல்ல. ஒரு காசை மாதிரியாக வைத்து வார்த்தது.

புளி போட்டுத் தேய்ச்சேன், நல்லா பளபளன்னு ஆயிடுச்சு. விலை ஏறுமா?

இறங்கும். பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். செப்புக் குடத்துக்குப் புளி செய்வதையேதான் செப்புக் காசுக்கும் செய்கிறது. அமிலம் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து, அடியில் உள்ள வெற்று உலோகத்தை வெளியே காட்டும். அந்த இளஞ்சிவப்பு நிறம் நாணயச் சாலையிலிருந்து வந்த செப்பின் நிறமல்ல, அனுபவசாலி ஒரு கை தூரத்திலேயே கண்டுபிடிப்பார். அதோடு சாம்பலோ பல்பொடியோ விபூதியோ சேர்த்துத் தேய்த்தால் மேலே சொன்ன ஆரவரிகள் அறுந்துபோகும். வரிகள் போனால் சக்கரம் போலச் சுழலும் ஒளியும் போகும். மிச்சமிருப்பது தட்டையான, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான மினுக்கல். திரும்ப வரவே வராது.

வெள்ளியை முக்கி எடுக்கும் திரவத்துக்கும் இதே கணக்கு. கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு, அதாவது காசின் வெள்ளியே மாறி நிற்பது. அதைக் கரைக்கும்போது காசின் மேல்தோல் ஒரு அடுக்குப் போகிறது. ஒரு முறை, சில விநாடி என்றால் தப்பிக்கும். நாலு முறை முக்கினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும்.

பாலிஷ் பண்ணின காசையும் அச்சு மெருகுக் கோட்டையும் குழப்பிக்கிறேன். எப்படிப் பிரிக்கிறது?

முதல் சோதனை மேடு-பள்ளம். இரண்டாவது, கோடு எங்கே நிற்கிறது என்பது. அச்சைத் தேய்த்தவரின் கல் அச்சின் மேல் மட்டத்தைத்தான் தொட்டது, எழுத்துப் பள்ளத்துக்குள் போகவில்லை. ஆகவே காசில் மெருகுக் கோடு தளத்தில் ஓடி, எழுத்தின் காலடியில் நின்று, மறுபுறம் தொடரும். துணியால் தேய்த்த கீறல் தளத்திலும் ஓடும், எழுத்தின் முதுகிலும் ஏறும். சொல்லப்போனால் முதுகில்தான் அதிகம், கை அங்கேதான் அழுத்தும். எழுத்துக்குப் பக்கத்து மூலைகளில் துணி எட்டாத அழுக்கு மிச்சமிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கம்பி பிரஷ் வைத்துச் செயற்கையாக லஸ்டர் வரவழைப்பவர்களும் உண்டு. அந்த மினுக்கல் காசைச் சாய்த்தாலும் சுழலாது. எழுத்தின் ஓரத்தில் உலோகம் தள்ளப்பட்டுக் குவிந்திருக்கும்.

பிளாஸ்டிக் உறையில வெச்ச காசு பச்சையா பிசுபிசுங்குது. அதையும் தொடக் கூடாதா?

இதைக் கண்டிப்பாக நீக்க வேண்டும், விட்டால் அரிக்கும். மென்மையான பி.வி.சி. உறையிலிருந்து கசிந்தது அது. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, காசை 10 முதல் 15 நிமிடம் போடுங்கள். நெயில் பாலிஷ் நீக்கி வேண்டாம், அதில் நிறமும் எண்ணெயும் இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், கரையும். பிறகு புது அசிட்டோனில் ஒரு முறை முக்கி, விளிம்பைப் பிடித்து எடுத்து, தானாக உலர விடுங்கள். துடைக்கக் கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்குத் திரி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். அசிட்டோன் பிசுக்கைத்தான் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. இனி பாலிஎதிலீன் அல்லது மைலார் உறையில் வையுங்கள்.

மூணு கால் எருமை ஒருத்தர் விக்கிறார். காலைச் சுரண்டிட்டா அதுவும் மூணு கால்தானே?

அதனால்தான் காலை மட்டும் பார்க்கக் கூடாது. உண்மையான மூன்று கால் எருமைகள் எல்லாம் ஒரே அச்சின் பிள்ளைகள், அதனால் அந்த அச்சின் மற்ற அடையாளங்களும் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். வயிற்றுக்கு அடியிலிருந்து தரை வரை மேட்டுப் புள்ளிகள் ஒரு வரிசையாக இறங்கும். பின்னங்கால் பூச்சி அரித்தது போல மெலிந்திருக்கும். சுரண்டிய காசில் பின்னங்கால் கொழுகொழுவென்று இருக்கும், கால் இருந்த இடத்தில் தளம் பள்ளமாகவோ வேறு நிறமாகவோ இருக்கும். புள்ளி வரிசையைச் சுரண்டி உண்டாக்க முடியாது.

இந்த வழி எல்லா அச்சு வகைக்கும் பொருந்தும். விலை கூடிய வகை என்றால், அதன் பெயருக்குக் காரணமான குறியைக் கடைசியாகப் பாருங்கள்; யாரும் போலி செய்ய நினைக்காத இரண்டாம் மூன்றாம் குறிகளை முதலில் பாருங்கள். நம்மூரில் சாதாரண ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருவதாகச் சொல்லி, முன்பணம் கேட்டு ஏமாற்றுபவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தியதால், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பிரிட்டிஷ் கால ப்ரூஃப் ஒண்ணு வந்திருக்கு. தளம் முழுக்க மேட்டுக் கோடு. அசலா?

மறுஅடியாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய அச்சுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த நாணயச் சாலைகள், சேகரிப்பாளர்கள் கேட்டபோது அவற்றால் மறுபடி அடித்துக் கொடுத்தன. பம்பாயில் இந்தப் பழக்கம் 1970 வரை நீடித்தது. நெடுங்காலம் கிடந்த அச்சில் துரு ஏறும். அதைத் தேய்த்து நீக்கித்தான் அடிக்க வேண்டும். தேய்த்த தடம் மேட்டுக் கோடாகவும், தேய்த்தும் போகாத துருக்குழி மேட்டுப் பருவாகவும் காசில் நிற்கும். போலி அல்ல, அதே அச்சு, அதே நாணயச் சாலை. ஆனால் அந்தக் காலத்தில் அடித்த ப்ரூஃபின் விலையைக் கொடுக்காதீர்கள்.

ரெண்டு காசு ஒரே அச்சுன்னு நிச்சயமாத் தெரியுது. ஒண்ணுல மோதல் தடம் இருக்கு, ஒண்ணுல இல்லை. ரெண்டு வகைன்னு எழுதலாமா?

கூடாது, ஒரே வகையின் இரண்டு நிலைகள் என்று எழுதுங்கள். தடம் இல்லாதது மோதலுக்கு முந்தியதாக இருக்கலாம், மெருகேற்றித் தடத்தை அழித்த பிந்தியதாகவும் இருக்கலாம். எது முந்தியது என்பதை மற்றக் குறிகள் காட்டிக்கொடுக்கும். விரிசல் வளரும், சுருங்காது. தடம் இல்லாத காசில் விரிசல் நீளமாகவும், தடம் உள்ளதில் குட்டையாகவும் இருந்தால் தடம் இல்லாததுதான் பிந்தியது. மெலிந்த எழுத்தும் புது மெருகுக் கோடும் அதை உறுதி செய்யும்.

ஒப்பிடும்போது இரண்டு காசையும் ஒரே விளக்கில், ஒரே சாய்வில், எழுத்து நேராக நிற்கும்படி வைத்துப் படம் எடுங்கள். சாய்வு மாறினால் நிழல் மாறும், இல்லாத விரிசல் முளைக்கும். உறையில் எழுதும்போது ‘நீள விரிசல், தடம் இல்லை’ என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுதி, எந்த நிலை என்பதைப் பென்சிலில் குறித்து வையுங்கள். மூன்றாவது காசு ஒன்று கிடைக்கும்போது அழித்துத் திருத்த வேண்டியிருக்கும்.